வெள்ளிக் கடிகாரமும் அரைப்பேரும்

கலைப்பொருளொன்றைக் காணும்பொழுது நம் உள்ளத்தில் முதலில் எழுவது வியப்பு; அடுத்து எழ வேண்டியது வினா. வியப்போடு நின்றுவிடுபவன் இரசிகன். வினாவையும் எழுப்புபவன் விமர்சகன். இது கவிதைக்கும் கதைக்கும் மட்டும் உரிய விதியன்று. மனிதன் கைபட்டு உருவான எப்பொருளுக்கும் பொருந்துவது. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளிக் கடிகாரம் ஒன்றை இவ்விதி கொண்டு ஆராய்வதே நமது நோக்கம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஆசிரியத் தொழில் புரியும் நமக்கும், பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டன் கடிகாரத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. காலத்தை அளக்கும் கருவியைச் செய்தவர் யார், அக்கருவியால் அளக்கப்பட்டவர் யார் என்ற இரண்டு வினாக்களையும் ஒருங்கே கேட்கும்பொழுது அத்தொடர்பு புலனாகும்.

குரோனோமீட்டர் என்பது சாதாரணக் கடிகாரமன்று. வெப்பத்திலும் குளிரிலும், கப்பலின் ஆட்டத்திலும், மாதக்கணக்கான பயணத்திலும் நிலைதவறாது நேரம் காட்டும் கருவி அது. அதன் தேவை கடலில் எழுந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கொழும்பில் உச்சிப்பொழுது ஆவதற்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் முன்னதாகவே நுவரெலியாவில் உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. ஏனெனில் நுவரெலியா ஒரு பாகைக்குச் சற்றே குறைவான தூரம் கிழக்கே இருக்கிறது. இதே கணக்குத்தான் மாலுமிக்கும். புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் கடிகாரம் காட்ட, நடுக்கடலின் நேரத்தைச் சூரியன் காட்ட, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தன் இடத்தை அவன் அறிந்துகொள்ளலாம். கடிகாரம் நான்கு விநாடி தவறினால், நிலநடுக்கோட்டுக்கு அருகே கணக்கு ஒரு கடல்மைல் தவறும். 1707இல் சில்லித் தீவுகளருகே பிரித்தானியப் போர்க்கப்பல்கள் பாறைகளில் மோதி நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாண்டனர். 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நெடுங்கோட்டை அறியும் வழி காண்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது.

அவ்வழியைக் கண்டவர் ஜோன் ஹரிசன். ஒரு தச்சரின் மகன். பல்லாண்டுகள் பெரிய பெரிய இயந்திரங்களைச் செய்து பார்த்த பின், 1759இல் அவர் முடித்த நான்காவது கருவி, வெள்ளிக் கூட்டுக்குள் அமைந்த, பதின்மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கடிகாரம். பரிசைத் தீர்மானிக்க அமர்ந்த அறிஞர் குழு, தச்சர் மகனுக்கு முழுப் பரிசையும் அளிக்க ஆண்டுக்கணக்கில் தயங்கியது. 1773இல் பாராளுமன்றமே தலையிட்டு அவருக்கு மீதித்தொகையை அளித்தது. அப்போது அவருக்கு வயது எண்பது.

ஹரிசன் செய்தது ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய அற்புதமாக இருந்தது. அதைப் பலர் செய்யக்கூடிய பொருளாக்கியவர்கள் இருவர்: ஜோன் ஆர்னல்ட், தோமஸ் ஏர்ன்ஷோ. ஆர்னல்ட் 1736இல் கோர்ன்வால் பகுதியில் கடிகாரத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். அவர் செய்த 36ஆம் இலக்கச் சட்டைப்பைக் கடிகாரம் கிறீனிச் வானாய்வகத்தில் 1779ஆம் ஆண்டு முதல் பதின்மூன்று மாதங்கள் சோதிக்கப்பட்டது. அக்காலம் முழுவதிலும் அதன் பிழை ஏறக்குறைய இரண்டரை நிமிடம் மட்டுமே. அச்சோதனையின் முடிவு 1780இல் அச்சேறியபொழுதுதான் ‘குரோனோமீட்டர்’ என்ற சொல் இன்றைய பொருளில் வழக்குக்கு வந்தது. இந்த இரண்டரை நிமிடத்தை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஏர்ன்ஷோவின் கதை இன்னும் கருத்தூன்றத் தக்கது. சுருள்வில்லின் விசையைத் துளித்துளியாக விடுவித்து, ஆடுசக்கரத்தைக் குறைந்த தொடுகையோடு இயக்கும் நுட்பமான அமைப்பொன்றை அவர் 1780 அளவில் வகுத்தார். உரிமப் பதிவுக்கு 100 கினி செலவாகும். அந்தப் பணம் அவரிடம் இல்லை. ஆகவே, தோமஸ் றைட் என்ற கடிகார வணிகரை நாடினார். 1783இல் உரிமம் றைட்டின் பெயரிலேயே பதிவாயிற்று. அவ்வமைப்பைக் கொண்ட கடிகாரங்களில் றைட்டின் உரிமம் என்றே முத்திரை பதிக்கப்பட்டது. இதற்கிடையில் ஆர்னல்ட் 1782இல் இதனையொத்த அமைப்புக்குத் தம் பெயரில் உரிமம் பெற்றிருந்தார். தமது கருத்து திருடப்பட்டதென்று ஏர்ன்ஷோ வாழ்நாள் முழுவதும் வாதாடினார். 1808இல் பொதுமக்களுக்கு முறையீடாக ஒரு நூலே எழுதினார். நெடுங்கோட்டுச் சபை அவருக்கும், மறைந்த ஆர்னல்டின் மகனுக்கும் தலா 3,000 பவுண் என்று தீர்த்துவைத்தது. கண்டுபிடித்தவன் ஒருவன், பணம் கட்டியவன் ஒருவன், முத்திரையில் பெயர் பணம் கட்டியவனுடையது. இது ஒரு கடிகாரத்தின் கதை மட்டுமன்று. சரக்கு உற்பத்தி சமுதாயம் முழுவதன் கதையும் இதுவே.

இன்று ஏர்ன்ஷோவின் பெயர் பொறித்த பழைய வெள்ளிக் குரோனோமீட்டர்கள் அரும்பொருள் விரும்புவோரிடமும் காட்சிச்சாலைகளிலும் மிகுந்த மதிப்புப் பெற்றுள்ளன. அவற்றைப் பற்றிய எழுத்தோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: தனிமனித மேதை, பொறாமை கொண்ட எதிரிகள், இறுதி வெற்றி. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1884இல் ஹரிசனைப் பற்றி எழுதியதும் இவ்வாறே. விடாமுயற்சியால் எவரும் உயரலாம் என்ற நீதிக்கு அவர் ஹரிசனைச் சான்றாக்கினார். நூறாண்டுக்குப் பின் 1995இல் டேவா சோபல் எழுதிய புகழ்பெற்ற நூலும் தன் உபதலைப்பிலேயே ‘தனித்த மேதை’ என்று பறைசாற்றுகிறது. சோபலின் நூல் சுவையானது; அறிஞர் குழுவின் வர்க்கத் திமிரை அது மறைக்கவில்லை. ஆயினும் அதனைப் படித்து முடிக்கும் வாசகன், ஒரு கடிகாரத்தை ஒரு மனிதன் செய்தான் என்ற எண்ணத்துடனேயே எழுகிறான். இந்த எண்ணமே நமது மறுப்புக்குரியது.

கடிகாரம் ஒருவர் கையால் ஆவதன்று. ‘மூலதனம்’ முதற்பாகத்தில் தொழிற்பிரிவினையை விளக்கும் மார்க்ஸ், எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது கடிகாரத்தையே. சக்கரம் செய்வோர், ஊசி செய்வோர், சுருள்வில் செய்வோர், முகப்பு செய்வோர், கூடு செய்வோர், மெருகிடுவோர் என்று தனித்தனித் தொழிலாளரின் நீண்ட பட்டியலை அவர் அங்கே தருகிறார். இலண்டன் கடிகாரங்கள் பலவற்றின் உள்ளமைப்பு, இலங்காஷயரின் பிறஸ்கொட் ஊர்க் குடிசைத் தொழிற்கூடங்களில் அராவப்பட்டு வந்தது. சுருள்வில் தளரத்தளர விசை குறையாதபடி கூம்புருளையொன்றில் சுற்றப்படும் நுண்ணிய சங்கிலி ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான கண்ணிகள் கொண்ட அச்சங்கிலி, 1790 அளவிலிருந்து இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கிறைஸ்ட்சர்ச் என்ற சிற்றூரில் தொழிலாக வளர்ந்தது. அதனைச் செய்தோர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும். ஏழைகள் விடுதியில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளும் அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். கண்ணுக்குப் புலப்படாத கண்ணிகளைக் கண்பார்வை மங்க மங்கக் கோத்த அச்சிறுமியர் பெயர் எந்த முகப்பிலும் பொறிக்கப்படவில்லை.

இங்கே நம்மவர் சிலர் செய்யும் பிழையொன்றையும் சுட்டுவது கடமை. சுரண்டலின் தடம் ஒரு பொருளில் காணப்பட்டதும், அப்பொருளின் அழகையே மறுத்துவிடுவதுதான் முற்போக்கு என்று கருதுவோர் உளர். அவர்கள் கூற்று நமக்கு உடன்பாடன்று. குரோனோமீட்டர் எத்தனையோ ஏழை மாலுமிகளின் உயிரைக் காத்தது. பித்தளையும் உருக்கும் வெப்பத்தில் வெவ்வேறளவு விரியும் இயல்பையே துணைகொண்டு, வெப்பத்தின் தீங்கை வெப்பத்தாலேயே திருத்திய அந்த ஆடுசக்கரம், மனித அறிவின் வெற்றி. அந்த அழகை மறுப்பவன் அதில் உறைந்திருக்கும் உழைப்பையும் சேர்த்தே மறுக்கிறான். அரும்பொருள் சேர்ப்போன் முகப்பிலுள்ள பெயரை மட்டும் காண்கிறான். அவசர விமர்சகன் விலையை மட்டும் காண்கிறான். இருவரும் காணாதது கை. கையைக் காண்பதே விமர்சனத்தின் வேலை.

இனி நம் மலைக்கு வருவோம். காலம் தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய மரபு. நாழிகைக் கணக்கரையும் நீர்க்கடிகாரமாகிய கன்னலையும் சங்க இலக்கியம் அறியும். ஆனால் அங்கே நாழிகை அளந்து சொல்லப்பட்டது பாசறையிலிருந்த அரசனுக்கு. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். காதலர் சந்திக்கும் நள்ளிரவே மலையின் பொழுது என்று புலவர் வகுத்தனர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்து, தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை கால்நடையாக நடந்து, இம்மலைகளில் கோப்பியும் தேயிலையும் நட்ட மக்களுக்கு வாய்த்ததோ வேறொரு குறிஞ்சி. அதன் சிறுபொழுது விடியல். அதன் உரிப்பொருள் பிரட்டு.

தோட்டத்தின் காலை தப்பொலியோடு தொடங்கியது. இருள் பிரியுமுன் லயங்களின் முன்னே தப்படித்து மக்களை எழுப்பியவன், எல்லோருக்கும் முன்னதாக எழ வேண்டியிருந்தவன். சாதியின் காரணமாகவே அவ்வேலை அவன் தலையில் சுமத்தப்பட்டதென்பதை நாம் மறைக்கலாகாது. பின்னர்ச் சங்கும் மணியும் வந்தன. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்பொழுது கணக்கப்பிள்ளையின் கையில் கடிகாரம் இருந்தது. கூப்பிடப்பட்டவர் கையில் இல்லை. நேரம் தவறிச் சென்றவர் லயத்துக்குத் திருப்பியனுப்பப்படலாம். பிந்தியது எத்தனை நிமிடம் என்று எதிர்த்துக் கேட்க அவரிடம் சான்று கிடையாது. கடலில் மாலுமிக்குத் தன் இடத்தை அறியும் வழியாக இருந்த கருவி, மலையில் தொழிலாளியை அவன் இடத்தில் நிறுத்தும் வழியாயிற்று. ஆங்கிலத் தொழிற்சாலைகளிலும் இவ்வாறே நேரம் முதலாளியின் உடைமையாயிற்றென்பதை ஈ. பி. தொம்சன் 1967இல் வெளிவந்த தமது கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களிலோ நாட்டின் நேரத்துக்கு ஒரு மணி முந்திய தனித் ‘தோட்ட நேர’மே வழங்கி வந்துள்ளது. ஒளியுள்ள பொழுது முழுவதையும் உழைப்பாக்க வேண்டுமானால், சூரியனையும் நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

தோட்டம் காலத்தை மூன்று அளவைகளால் அளந்தது: கடிகாரம், தராசு, பேர். ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. நிர்ணயித்த அளவு கொழுந்து கூடையில் இல்லையேல் ‘அரைப்பேர்’. அட்டை கடிக்க, மழையில் நனைய, நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்றவளுக்கு அவள் வாழ்ந்த நாளில் பாதி இல்லை என்று கணக்கெழுதும் முறை இது. ‘பேர்’ என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். ஏர்ன்ஷோவின் பெயர் அவர் செய்த பொருளிலிருந்து அழிக்கப்பட்டது. தோட்டப் பெண்ணின் பேரோ பாதியாக வெட்டப்பட்டது.

இந்தியத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி பற்றிய 1927ஆம் ஆண்டுச் சட்டம், உணவுவேளை உட்பட ஒன்பது மணி நேரத்தை ஒரு நாள் வேலையென வகுத்தது. அதன்படி 1929இல் மலைநாட்டு உயர்பகுதித் தோட்டங்களுக்கு நிர்ணயமான நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். இதனைக் கூலிக் கணக்காக அன்றி, கடிகாரக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பெண்ணின் ஒன்பது மணி நேரம், ஆணின் ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டது. அவளுடைய நாளில் ஒரு மணி ஐம்பது நிமிடம் காணாமற் போயிற்று. ஆர்னல்டின் சட்டைப்பைக் கடிகாரம் பதின்மூன்று மாதங்களில் தவறியது இரண்டரை நிமிடம். தோட்டத்துக் கணக்கு ஒரே நாளில் தவறியது 110 நிமிடம். அதுவும் நடைமுறையில் ஆண்களின் வேலை பிற்பகலிலேயே முடிந்துவிடுவதும், பெண்கள் மாலைத் தராசுவரை கொழுந்து பறிப்பதும் வழக்கமாயிருந்தது. இப்பிழை கருவியின் பிழையன்று. கருவியைச் சீர்செய்ய உலகின் தலைசிறந்த கைகள் நூறாண்டு பாடுபட்டன. இக்கணக்கைச் சீர்செய்யப் போராட வேண்டியிருந்தது. ஆண் பெண் கூலி சமமானது 1984இல்தான்.

காலத்தை அளக்கும் அதிகாரம் அரசியலாகவும் மாறியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 தொடக்கத்துக்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் வசித்ததற்குச் சான்று கேட்டது. நூறாண்டுக்கு மேலாகப் பிறர் கடிகாரத்துக்கு எழுந்து உழைத்தவர்களிடம், உன் ஆண்டுகளுக்கு அத்தாட்சி எங்கே என்று அரசு கேட்டது! அவர்கள் உழைத்த ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டே இருந்தது. ஆனால் அது தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. அவர்கள் பெட்டியில் இருக்கவில்லை. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பதிவு பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் எஞ்சியோரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் எண்களாக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இந்த அவலம் நீடித்தது.

இவ்வளவும் இலக்கியத்தில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதே விமர்சகனின் அடுத்த வினா. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் சக்தீ பால ஐயா தமிழில் தந்த தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதை விடியற்காலைப் பறையொலியோடு தொடங்குவது தற்செயலன்று. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினராக அமர்ந்தவர் அவர். குடியுரிமைப் பறிப்பை அச்சபையிலிருந்தே கண்டவர். தோட்டத்து மக்களின் வாழ்வு எந்த ஒலியால் கூறுபோடப்படுகிறதென்பதை அவர் நன்கறிவார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற சிறுகதை தலைப்பிலேயே தராசின் அளவையை வைத்திருக்கிறது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ தலைமுறைகளின் அளவையால் நடக்கிறது. தெளிவத்தை ஜோசப்பின் நாவலோ ‘காலங்கள் சாவதில்லை’ என்றே பெயர் பெற்றது. இவர்களை வறுமையைச் சித்திரித்தவர்கள் என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடும் வழக்கம் நம் பாடநூல்களிலும் உண்டு. அது போதாது. இவர்கள் படைத்தது மாற்றுக் கடிகாரம். செக்ரோல் அரைப்பேர் என்று எழுதிய நாளை, முழு நாளாக, ஒரு பெண் வாழ்ந்த நாளாக, இவர்களது எழுத்து திரும்ப எழுதியது. மலையக இலக்கியத்தின் சிறப்பு அதன் சோகத்தில் இல்லை. இந்தத் திருத்தத்தில் இருக்கிறது என்பது நமது கருத்து.

குறையும் கூறத்தான் வேண்டும். கொழுந்து பறிக்கும் கையை நம் எழுத்தாளர் கண்டார்கள்; அந்தக் கையின் திறனை வேண்டிய அளவு காணவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, எந்தக் கொழுந்தை இன்று பறிக்க வேண்டும், எதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும் என்று நொடிப்பொழுதில் விரலால் தீர்மானிப்பது ஒரு கலை. உருட்டிய கொழுந்து நிறம் மாறிப் பதமடையும் வேளையைக் கடிகாரத்தோடு மூக்கையும் கொண்டு அறியும் தொழிற்சாலைத் தொழிலாளியின் அறிவும் அவ்வாறே. தோட்டத்து மனிதரைத் துயரப்படுபவராக மட்டும் காட்டும் எழுத்து, அறியாமலே, அவர்களை வெறுங்கூலிகளாகக் கண்ட துரைமாரின் பார்வைக்கு அருகே சென்றுவிடுகிறது. ஆர்னல்டின் விரலுக்கு ஒரு வரலாறு உண்டென்றால், கொழுந்தெடுக்கும் விரலுக்கும் ஒரு வரலாறு எழுதப்பட வேண்டும். இலண்டன் கடிகாரத்தின் முகப்பில் ஒரு பெயரேனும் இருக்கிறது. தேயிலைப் பொட்டலத்தில் இருப்பதோ கொம்பனியின் பெயர்.

2023இல், தம் மூதாதையர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததைக் குறித்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியே மீண்டும் நடந்தனர். பிறர் கடிகாரத்தால் அளக்கப்பட்டவர்கள் தங்கள் காலத்தைத் தாங்களே அளந்து அறிவித்த நடை அது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் ஒரு பணி காத்திருக்கிறது. நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பாட்டிமார் எந்தத் தோட்டத்தில், எந்த மலையில், எத்தனை ஆண்டு கொழுந்தெடுத்தார்கள் என்பதை அப்பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். கொழுந்தின் பதம் பார்க்கும் முறையையும், கவ்வாத்து வெட்டும் நுட்பத்தையும், தப்பின் தாளங்களையும் பெயரோடு எழுதட்டும். ஏர்ன்ஷோ தம் பெயரை மீட்கத் தாமே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. கிறைஸ்ட்சர்ச் சிறுமியருக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. நம் மக்களுக்கு அது கிட்டுமா கிட்டாதா என்பது நம் பேனாவைப் பொறுத்தது. பாதியாக எழுதப்பட்ட பேரை முழுதாக எழுதுவதே மலையகத்தில் இலக்கியத்தின் முதல் வேலை.